காது வழியே இறங்கும் பாதாளம்

நரகத்தை நமக்குப் படமாகவே காட்டிப் பழக்கியிருக்கிறார்கள். கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரை, முள் மரம், எருமைமேல் யமன், ஏட்டைப் புரட்டும் சித்திரகுப்தன். பாகவத புராணம் 28 நரகங்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. இன்ன குற்றத்துக்கு இன்ன இடம் என்று கணக்கு துல்லியமாக இருக்கிறது. வீடியோ கேம் செய்பவர்களுக்கும் இந்த வகை நரகம்தான் வசதி. வரைந்து வைக்கலாம், விளம்பரத்தில் காட்டலாம். 2018இல் போலந்து நிறுவனம் ஒன்று வெளியிட்ட ‘அகனி’ அப்படிப்பட்டது: சதைச் சுவர், எலும்புத் தூண், எங்கும் சிவப்பு. முதல் அரை மணி நேரம் வயிற்றைப் புரட்டும். அதற்குப் பிறகு கண் பழகிவிடும். கண் எதற்கும் பழகிவிடுகிறது என்பதுதான் திகில் விளையாட்டு செய்கிறவர்களின் பெரிய தலைவலி.

காது அவ்வளவு சீக்கிரம் பழகுவதில்லை. மகாபாரதத்தைச் சொன்னவர்கள் இதை அறிந்திருந்தார்கள். சொர்க்கத்துக்குப் போன தருமர், அங்கே துரியோதனன் சிறப்போடு வீற்றிருப்பதைக் கண்டு கொதித்துப்போய், என் தம்பியர் எங்கே என்று கேட்கிறார். தேவதூதன் ஒருவன் அவரை இருண்ட வழியொன்றில் அழைத்துப் போகிறான். சேறும் புழுவும் பிண நாற்றமும் தாங்காமல் அவர் திரும்ப எத்தனிக்கும்போது, இருளுக்குள்ளிருந்து குரல்கள் கெஞ்சுகின்றன: கொஞ்ச நேரம் நில், நீ வந்ததால் குளிர்காற்று வீசுகிறது, வேதனை தணிகிறது. யார் நீங்கள் என்று கேட்கிறார். நான் கர்ணன். நான் வீமன். நான் அருச்சுனன். நான் திரௌபதி. முகம் ஒன்றும் தெரியவில்லை. தூதனை அனுப்பிவிட்டுத் தருமர் அங்கேயே நின்றுவிடுகிறார். பின்னர் இந்திரன் வந்து அத்தனையும் மாயை என்று விளக்க, நரகம் கலைந்துபோகிறது. செத்தவீட்டில் வைகுந்த அம்மானை படிக்கக் கேட்டு வளர்ந்த மட்டக்களப்பாருக்குப் பாண்டவரின் கடைசிப் பயணம் பழகிய கதைதான். ஆனால் இந்த இடத்தில் நரகம் கண்ணுக்கு அல்லாமல் காதுக்கு வைக்கப்பட்டிருக்கிறது என்பதை நாம் பெரிதாகக் கவனிப்பதில்லை.

2017 ஆகஸ்ட் 8ஆம் திகதி வெளிவந்த ‘ஹெல்பிளேட்: செனுவாஸ் சாக்ரிஃபைஸ்’ இந்த இரண்டாவது வகை நரகத்தைக் கட்டிய விளையாட்டு. தருமர் நின்ற இருளை ஒத்த ஓர் இடத்தில் ஆறேழு மணி நேரம் நம்மை நிறுத்திவைக்கிறது. வெளிவந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அதன் பிறகு எத்தனையோ திகில் விளையாட்டுகள் வந்து போயின. ஆனாலும் பாதாளத்தை எப்படிக் கட்டலாம் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குக் கிடைக்கவில்லை.

செய்தவர்கள் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள நிஞ்சா தியரி நிறுவனத்தினர். அதற்கு முன் பெரிய வெளியீட்டு நிறுவனங்களுக்காக ‘ஹெவன்லி ஸோர்ட்’, ‘என்ஸ்லேவ்ட்’, ‘டிஎம்சி’ என்று சண்டை விளையாட்டுகளைச் செய்தவர்கள். பெரிய முதலீடு போட்டால் முதலீட்டாளர் சொல்வதைத்தான் செய்ய வேண்டும். சின்ன முதலீட்டில் செய்தால் காட்சித் தரம் குறையும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறதா என்று பார்க்க, ஏறத்தாழ 20 பேர் கொண்ட குழுவை ஒதுக்கி, தாங்களே வெளியிடுவது என்று முடிவெடுத்தார்கள். அலுவலகக் கூட்ட அறையையே நடிகரின் உடலசைவைப் பதிவுசெய்யும் கூடமாக மாற்றினார்கள். நாயகி செனுவாவாக நடித்த மெலினா யூர்கன்ஸ் தொழில்முறை நடிகை அல்லர். அதே நிறுவனத்தில் வீடியோ தொகுப்பாளராக இருந்தவர். நடிகை கிடைக்கும்வரை பரிசோதனைக்காகக் கமராவின் முன் நின்றவர், கடைசியில் அந்தப் பாத்திரமாகவே நிலைத்துவிட்டார். 2018இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் இந்த விளையாட்டுக்குக் கிடைத்த ஐந்தில் ஒன்று அவருடைய நடிப்புக்கானது. இன்னொன்று ஒலிக்கானது.

விலை, பெரிய விளையாட்டுகளின் விலையில் பாதி: 29.99 டொலர். முதல் மூன்று மாதங்களிலேயே 5 இலட்சம் பிரதிகள் விற்றன. 2018 ஜூனில் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை வாங்கியது. சுதந்திரமாக நிற்க முடியும் என்று நிரூபித்த கையோடு விற்றுவிட்டார்களே என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. அந்த வழக்கு நமக்கு வேண்டாம்.

கதை சுருக்கமானது. காலம் 8ஆம் நூற்றாண்டின் இறுதி. வைக்கிங் எனப்படும் வடகடல் கொள்ளையர் பிரித்தானியக் கரையைத் தாக்கத் தொடங்கிய காலம். லிண்டிஸ்ஃபார்ன் மடத்தின் மீதான அவர்களுடைய பெயர்பெற்ற தாக்குதல் 793இல் நடந்தது. ஸ்கொட்லாந்துக்கு வடக்கே உள்ள ஓர்க்னி தீவுகளில் வாழ்ந்த பிக்ட் இனப் பெண் செனுவா. அவள் ஊரைவிட்டு விலகி இருந்த வேளையில் கொள்ளையர் புகுந்து எல்லோரையும் கொன்றுவிடுகிறார்கள். அவளுடைய காதலன் டில்லியனைத் தங்கள் தெய்வங்களுக்குப் பலியிட்டுவிடுகிறார்கள். அந்தத் தெய்வங்களின் கைக்குப் போன உயிரை மீட்க, டில்லியனின் தலையைத் துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, வடவரின் பாதாளமாகிய ஹெல்ஹைமுக்குப் புறப்படுகிறாள். அங்கே ஆளும் ஹெலாவிடம் வாதாடி உயிரைத் திரும்பப் பெறுவது நோக்கம்.

சாவித்திரி என்று உடனே நினைவு வரும். வரத்தான் வேண்டும். ஆனால் சாவித்திரிக்குப் பின்னால் ஒரு நியாயமான யமன் இருக்கிறான். அவள் பேச்சில் மகிழ்ந்து ஒவ்வொரு வரமாகக் கொடுத்து, கடைசியில் தன் வாக்கிலேயே மாட்டிக்கொள்கிறான். மாமனாருக்குப் பார்வை வந்தது, அரசு வந்தது, தந்தைக்குப் பிள்ளைகள் வந்தார்கள், தனக்கும் பிள்ளைகள் வேண்டும் என்றபோது கணவனைக் கொடுக்காமல் தீரவில்லை. வட ஐரோப்பியப் புராணத்தில் அந்தக் கதவு திறப்பதில்லை. பால்டர் என்ற அழகிய தேவன் இறந்தபோது ஹெர்மோட் என்பவன் எட்டுக் கால் குதிரையில் ஒன்பது இரவுகள் இருட்டுப் பள்ளத்தாக்குகள் வழியே பயணம் செய்து, விளையாட்டு ஹெலா என்று அழைக்கும் ஹெல்லிடம் போய்க் கேட்கிறான். உலகிலுள்ள எல்லாப் பொருளும் அவனுக்காக அழுதால் அனுப்புகிறேன் என்கிறாள் அவள். கல்லும் மரமும்கூட அழுகின்றன. ஒரே ஓர் அரக்கி அழ மறுக்கிறாள். பால்டர் திரும்பவில்லை. ஐஸ்லாந்துக்காரர் ஸ்நோரி ஸ்டர்லுசன் 13ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்ததால் இந்தக் கதை நமக்குக் கிடைக்கிறது.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். அவள் பெயரையே கொண்ட பாதாளமான வடவரின் பழைய ஹெல் தண்டனைக் கூடம் அல்ல. போர்க்களத்தில் சாகாமல் நோயிலும் முதுமையிலும் இறந்தவர்கள் போய்ச் சேரும் குளிரான, மங்கலான ஊர் அது. தீயும் கொப்பரையும் கிறிஸ்தவத்தோடு ஒட்டிக்கொண்டவை. விளையாட்டு இரண்டையும் கலந்துவிடுகிறது: நெருப்புத் தெய்வம் சர்ட்டும் இருக்கிறான், மூடுபனியும் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வட ஐரோப்பிய வரலாறு கற்பிக்கும் எலிசபெத் ஆஷ்மன் ரோவ் வரலாற்று ஆலோசகராக இருந்தார். ஆகவே இந்தக் கலப்பு அறியாமையால் வந்ததல்ல என்று எடுத்துக்கொள்ளலாம். வழியில் நிற்கும் 44 கற்களைக் கண்டுபிடித்தால், அடிமையாக இருந்து தப்பிய துரூத் என்பவனின் குரல் அந்தப் புராணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறது. அவனும் இறந்துபோனவன்தான். இந்த விளையாட்டில் உயிரோடு இருக்கும் யாரோடும் நாம் பேசுவதே இல்லை.

முதல் காட்சியிலேயே இதன் தந்திரம் வெளிப்பட்டுவிடுகிறது. மூடுபனி ஆற்றில் மரத்தோணியைத் துடுப்புப் போட்டுச் செலுத்துகிறாள் செனுவா. கரையெங்கும் கழுமரங்களில் பிணங்கள். அதற்குள் ஒரு பெண்குரல் நம் காதோரம் வந்து, நம்மிடமே பேசுகிறது. யார் நீ, பரவாயில்லை, என்னோடு இரு, மற்றவர்கள் கேட்காமல் மெல்லப் பேசுகிறேன் என்ற பாவனையில். மற்றவர்கள் யார் என்று நாம் யோசிப்பதற்குள் அவர்களும் வந்துவிடுகிறார்கள். ஒருத்தி இடது தோளுக்குப் பின்னால் சிரிக்கிறாள். இன்னொருத்தி வலப்பக்கம் நெருங்கி, திரும்பிப் போ என்கிறாள். அவர்கள் செனுவாவின் தலைக்குள் இருக்கும் குரல்கள். விளையாடுகிற நாமும் அப்படிப்பட்ட இன்னொரு குரலாகத்தான் உள்ளே சேர்க்கப்பட்டிருக்கிறோம். அவளை வழிநடத்தும் நம் கைகூட அவள் தலைக்குள் இருந்து வரும் கட்டளைதான். எந்த இடத்திலும் இதை விளக்கிச் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டதே பெரிய துணிச்சல்.

ஒலி இப்படிக் காதைச் சுற்றி நடமாடுவது எப்படி என்று கொஞ்சம் விளக்க வேண்டும். வலப்பக்கமிருந்து வரும் ஓசை வலக் காதை முதலில் எட்டி, தலையைச் சுற்றிக்கொண்டு இடக் காதுக்குப் போகிறது. இடைவெளி ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மூளைக்கு அது போதும். கூடவே, தலை தடுப்பதால் மறுபக்கக் காதுக்கு வரும் ஓசை சற்று மங்கும். காது மடலின் மடிப்புகள், முன்னால் பின்னால், மேலே கீழே என்பதற்கேற்ப ஓசையின் நிறத்தை மாற்றும். இந்த மூன்று தடயங்களையும் வைத்துத்தான் இருட்டிலும் ஒருவர் எங்கே நிற்கிறார் என்று சொல்கிறோம். சாதாரணப் பதிவில் இவை அழிந்துபோகும். ஆகவே மனிதத் தலையின் வடிவில் ஒரு பொம்மைத் தலை செய்து, அதன் இரு காதுத் துளைகளிலும் ஒலிவாங்கி வைத்துப் பதிவுசெய்கிறார்கள். நடிகைகள் அந்தத் தலையைச் சுற்றி நடந்து, குனிந்து, காதோரம் முணுமுணுத்துப் பேசினார்கள். ஹெட்போனில் கேட்கும்போது அந்தப் பொம்மையின் காது நம் காதாகிவிடுகிறது. ஒலிபெருக்கியில் போட்டால் இடது பெட்டியின் ஓசை வலக் காதுக்கும் போய்த் தடயம் குழம்பிவிடும்; மாயம் அத்தோடு சரி. மின்விசிறி தலைக்கு மேல் இரைந்துகொண்டிருக்கும் நம் வீடுகளில், காதை முழுதாக மூடும் ஹெட்போன் இல்லாமல் இந்த விளையாட்டைத் தொடங்குவதில் பயனில்லை.

காணாத ஒன்றைக் காதால் தேடுவதில் மட்டக்களப்பாருக்கு நீண்ட பழக்கம் உண்டு. பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை வாவிக்குள் விட்டு மறுநுனியில் காதை வைத்துக் கேட்பார்கள். மீன் பாடுவதாக ஊர் சொல்லும் அந்த ஓசையை, இலங்கையில் பிரித்தானிய ஆட்சியின் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் 1859இல் இலங்கை பற்றி வெளியிட்ட நூலில் விவரித்தார். அவர் மீன் என்று நம்பவில்லை. சிப்பி வகை உயிர்கள் எழுப்பும் ஓசையாக இருக்கலாம் என்று கருதினார். ஊரின் பெயரோடு பாடும் மீன்கள் ஒட்டிக்கொண்டுவிட்டதால் சிப்பிகள் பாவம் மறைந்துபோயின. ஓசையின் உடமையாளர் கண்ணுக்குத் தெரியாதவரை காது அதை விடுவதில்லை என்பதற்கு இந்த வாவி போதுமான சான்று.

நிஞ்சா தியரி இதை அலங்காரமாக வைத்திருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. விளையாட்டின் இயக்கமே ஒலியை நம்பி நிற்கிறது. திரையில் உயிர்க்கோடு இல்லை, வரைபடம் இல்லை, எந்தப் பொத்தானை அழுத்துவது என்ற பாடமும் இல்லை. சண்டையின்போது முதுகுக்குப் பின்னால் எதிரி வாளை ஓங்கினால் திரையில் எச்சரிக்கை வராது. பின்னால் பார் என்று ஒரு குரல் கத்தும். சற்று முன் உன்னால் முடியாது என்று ஏளனம் செய்த அதே குரல். எதை நம்புவது என்று முடிவெடுக்க நமக்கு அரை நொடி கிடைக்கும். குரல்கள் பகைவரா துணைவரா என்ற கேள்விக்கு விளையாட்டு கடைசிவரை ஒரே விடையைத் தருவதில்லை. அதனாலேயே அவை உண்மையாக இருக்கின்றன.

வடவரின் முதன்மைத் தெய்வமான ஒடின் வைக்கும் சோதனைகளில் ஒன்று இதன் உச்சம். பார்வை பறிக்கப்பட்டு விடுகிறது. திரை ஏறக்குறைய முழுக் கறுப்பு. மிக அருகில் இருப்பது மட்டும் கலங்கிய ஒளியாக அசைகிறது. எங்கோ முன்னால் காற்று. எங்கோ பக்கத்தில் ஏதோ ஒன்றின் மூச்சு. அந்த மூச்சு உரக்கக் கேட்டால் நாம் அதன் அருகில் போகிறோம் என்று பொருள். நின்று, தலையைத் திருப்பி, எந்தக் காதில் மூச்சு கனக்கிறது என்று பார்த்து, மறுபக்கம் ஓரடி வைக்க வேண்டும். கையிலுள்ள கன்ட்ரோலர் மெல்ல அதிரும். கொடூரம் என்று சொல்ல அங்கே எந்தப் படமும் இல்லை. பிற்பகுதியில் கார்ம் என்ற பாதாள நாயின் குகையில் இதற்கு நேரெதிரான ஏற்பாடு: வெளிச்சத்தில் நிற்கும்வரை பாதுகாப்பு, இருளில் அதிக நேரம் நின்றால் அது பாய்ந்துவிடும். இரண்டிலும் நரகத்தை நாம் பார்ப்பதில்லை, அதன் உறுமலை அளக்கிறோம்.

இப்போது இதன் அடித்தளத்துக்கு வரலாம். செனுவாவுக்கு இருப்பது, சைக்கோசிஸ் என்று உளநல வைத்தியர்கள் சொல்லும் நிலை: பிறர் கேட்காததைக் கேட்பது, பிறர் காணாததைக் காண்பது, தொடர்பில்லாதவற்றில் தனக்கான செய்தியைக் கண்டுகொள்வது. தயாரிப்பாளர்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் உளநலப் பேராசிரியர் போல் ஃபிளெட்சரை ஆலோசகராகச் சேர்த்தார்கள். வெல்கம் அறக்கட்டளை நிதி உதவி செய்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த நிலையை வாழ்ந்து அறிந்தவர்களைக் கூப்பிட்டு, செய்து முடித்த பகுதிகளைக் காட்டி, இப்படியா இருக்கும் என்று கேட்டு மாற்றினார்கள். ஆரம்பக் காட்சியில் பெயர்கள் ஓடும்போதே உளநல ஆலோசகரின் பெயரும் வருகிறது. வழக்கமாக இத்தகைய பெயர்கள் கடைசியில், யாரும் படிக்காத இடத்தில் கிடக்கும்.

மூளை வெளியுலகை அப்படியே வாங்கிக்கொள்வதில்லை. அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே ஊகித்து, வருவதை அதனோடு ஒத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஃபிளெட்சர் போன்றோர் சைக்கோசிஸை விளக்கும் வழி இதுதான். ஊகத்துக்கும் வரவுக்கும் இடையிலான எடை தவறினால், ஊகித்ததே நடந்ததாகத் தோன்றும். நாம் எல்லோரும் மனதுக்குள் பேசிக்கொள்கிறோம். இது என் பேச்சு என்று மூளை அதற்கு முத்திரை குத்திவிடுவதால் திடுக்கிடுவதில்லை. அந்த முத்திரை விழாமல் போனால், தன் பேச்சே வேறொருவர் குரலாக வந்து நிற்கும்.

விளையாட்டின் புதிர்களும் இதிலிருந்துதான் பிறக்கின்றன. பூட்டிய கதவில் ஒரு வடமொழி எழுத்து மினுங்கும். வட ஐரோப்பியரின் பழைய எழுத்தைச் சொல்கிறேன், சமஸ்கிருதத்தை அல்ல. அதே வடிவத்தைச் சுற்றுப்புறத்தில் தேட வேண்டும்: இரண்டு மரங்களும் ஒரு நிழலும் சேர்ந்து, குறிப்பிட்ட ஓரிடத்தில் நின்று பார்த்தால் அந்த எழுத்தாகத் தெரியும். சில மணி நேரம் விளையாடிய பிறகு, கதவே இல்லாத இடத்திலும் கண் எழுத்தைத் தேடத் தொடங்கும். வேலிக் கம்பியிலும் தென்னோலை நிழலிலும் எனக்கு அது தெரிந்தது. எங்கும் அடையாளம் காணும் மனநிலையை, சொல்லிக் கொடுக்காமல் பழக்கிக் கொடுத்துவிடுகிறார்கள்.

குரல் கேட்பது எங்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மானிடவியலாளர் தான்யா லூர்மன் தலைமையிலான குழு, கலிபோர்னியா, கானாவின் அக்ரா, சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் தலா 20 பேரிடம் அவர்கள் கேட்கும் குரல்களைப் பற்றி விசாரித்தது. 2015இல் ஆய்வு அச்சில் வந்தது. அமெரிக்கர்களுக்குக் கேட்டவை பெரும்பாலும் முகம் தெரியாத, வன்முறையான குரல்கள். சென்னையில் பாதிக்கு மேற்பட்டவர்கள் உறவினரின் குரலைக் கேட்டார்கள். அந்தக் குரல்கள் ஏதாவது வேலையைச் செய்யச் சொல்லிக் கட்டளையிட்டன. அதட்டினாலும் அது வீட்டு ஆட்களின் அதட்டல்.

இந்த ஆய்வைப் படித்தபின் செனுவாவின் குரல்களைத் திரும்பக் கேட்டால், அவை எவ்வளவு மேற்கத்தியவை என்று தெரிகிறது. பெயரில்லாத பெண்கள், ஓயாமல் மதிப்பிடுகிறவர்கள், முடியாது முடியாது என்கிறவர்கள். உறவின் குரல்கள் இல்லாமல் இல்லை: தகப்பன் சின்பெல் இருளின் குரலாக வருகிறான், அவளைச் சபிக்கப்பட்டவள் என்று பூட்டிவைத்து வளர்த்தவன், அவளைப் போலவே குரல் கேட்ட தாய் கலேனாவை எரித்தவன். தாயின் குரலும் டில்லியனின் குரலும் வருகின்றன. இருந்தாலும் நெருங்கிச் சுற்றும் கூட்டம் அந்நியக் கூட்டம். ஒரு தமிழர் இதே பாதாளத்தைக் கட்டியிருந்தால் மாமியும் பெரியப்பாவும் உள்ளே வந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அது இதைவிடப் பயங்கரமாகவும் இருந்திருக்கலாம்.

கிழக்கிலங்கையில் குரலுக்கு இன்னொரு இடமும் உண்டு. அம்மன் சடங்குக் காலத்தில் உடுக்கும் பறையும் ஏற ஏற, தெய்வம் ஏறி ஆடுகிறவர் வாக்குச் சொல்வார். கேட்கும் குரலை நோய் என்று ஒதுக்காமல், சடங்கை நடத்தும் கட்டாடியாரும் ஊரும் சூழ நின்று, அதற்கு ஒரு நேரமும் களமும் கொடுத்து, முடிந்ததும் மலையேற்றி அனுப்பிவைக்கும் ஏற்பாடு அது. அமெரிக்க மானிடவியலாளர் பட்ரீஷியா லாரன்ஸ் போர்க்காலத்தில் மட்டக்களப்பில் தங்கி இதை ஆராய்ந்தார். பிள்ளை காணாமல் போன தாய்மார் வாக்குக் கேட்க வந்ததை அவர் எழுதியிருக்கிறார். இருக்கிறானா இல்லையா என்று கேட்க வேறு எந்தக் கதவும் திறக்காத காலத்தில், அம்மனின் வாயால் ஒரு விடை. உயிரோடு இல்லாத ஒருவனுக்காகப் பாதாளத்தின் வாசலில் போய் நிற்கும் பெண் என்ற கதை, இந்த மண்ணில் புராணமாக மட்டும் இருந்ததில்லை. செனுவாவுக்கு ஊர் இல்லை, சூழ நிற்க ஆள் இல்லை, மலையேற்றிவிடக் கட்டாடியார் இல்லை. அவளுடைய நரகத்தில் பாதி அதுதான் என்று இங்கிருந்து பார்க்கிற எனக்குப் படுகிறது. சைக்கோசிஸ் உள்ளவர்களுக்கு வைத்தியம் வேண்டாம், சடங்கு போதும் என்று இதற்குப் பொருள் இல்லை. சங்கிலியில் கட்டிப் போட்ட கதைகளும் நம்மிடம் உண்டு. சின்பெல் நம் ஊரிலும் வாழ்ந்திருக்கிறான்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். சண்டைகள் ஒரே அச்சு. கொம்பு வைத்த முகமூடிக்காரர்கள் அதே மூன்று நான்கு வகைகளில் திரும்பத் திரும்ப வருகிறார்கள். நடுப்பகுதியில் கைதான் ஓய்கிறது, பயம் எழுவதில்லை. எழுத்துத் தேடும் புதிர்களும் அளவு மீறுகின்றன. உளநோயைத் திகில் பண்டமாக்கிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது: எவ்வளவு அக்கறையோடு செய்தாலும், நாம் ரசித்துப் பயப்படுவது ஒரு பெண்ணின் துன்பத்தைத்தான். 2017 ஒக்டோபர் 10, உலக உளநல தினத்தன்று கிடைத்த விற்பனைப் பணத்தை உளநலத் தொண்டு நிறுவனமொன்றுக்குக் கொடுத்தார்கள். நல்ல செயல், ஆனால் குற்றச்சாட்டுக்கு அது விடையாகாது. விடை இருந்தால் அது விளையாட்டுக்குள் இருக்க வேண்டும், ஓரளவு இருக்கிறது.

நமக்கு மட்டுமே உரிய குறை ஒன்றும் உண்டு. தமிழில் எழுத்துவரி கிடையாது. மூன்று நான்கு குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஆங்கிலத்தில் முணுமுணுக்கும்போது, ஆங்கிலம் தடுமாறுகிறவருக்குப் பாதி நரகம் காதில் விழாமலே போய்விடும். தொனி புரியும், ஏளனமும் கெஞ்சலும் எந்த மொழியிலும் புரியும். ஆனால் எந்தக் குரல் பொய் சொல்கிறது என்பது சொற்களில்தான் இருக்கிறது.

விளையாட்டு தானே ஒரு பொய்யும் சொல்கிறது. ஆரம்பத்தில் செனுவாவின் வலக் கையில் கறுப்பு அழுகல் ஒன்று படர்கிறது. ஒவ்வொரு தோல்விக்கும் அது மேலேறும், தலையை எட்டினால் இதுவரை விளையாடியது எல்லாம் அழிந்துபோகும் என்று திரையில் எச்சரிக்கை வருகிறது. வெளிவந்த சில நாட்களிலேயே ஆட்கள் வேண்டுமென்றே செத்துச் செத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள்: அப்படி எதுவும் நடப்பதில்லை. சிலருக்குக் கோபம். எனக்கு இது மொத்த விளையாட்டிலும் மிகக் கூர்மையான ஏற்பாடாகத் தெரிகிறது. அந்த எச்சரிக்கையை நம்பியவர், ஆதாரமில்லாத ஒரு அச்சத்தைத் தலைக்குள் சுமந்துகொண்டு, ஒவ்வொரு அடிக்கும் கையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். செனுவா அனுபவிப்பதும் அதையே. இதை எழுதி அடுத்தவரின் பயத்தை நான் கெடுத்துவிட்டேன் என்பது வேறு விடயம்.

முடிவைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஹெலாவின் முன் செனுவா போய் நிற்கும்போது எதிரிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். வெல்ல வழியே இல்லை. எவ்வளவு திறமைசாலியானாலும் கடைசியில் வாளைத் தாழ்த்தி விழத்தான் வேண்டும். விழுந்தால்தான் கதை நகரும். சாவித்திரியின் பேச்சுச் சாமர்த்தியமோ தருமரின் உறுதியோ இங்கே செல்லுபடியாகாது. ஹெலா அவளைக் குத்திக் கொன்று, டில்லியனின் தலையைப் பள்ளத்தில் போடக் கையில் எடுக்கிறாள். கமரா தலையைப் பின்தொடர்ந்து இறங்கி மீண்டும் மேலே வரும்போது, அங்கே நிற்பது ஹெலா அல்ல, செனுவா. கீழே கிடப்பது ஹெலா. யாரிடம் வாதாட வந்தாளோ அவளும் இவளே என்று தெரிகிறது. தலையை விட்டவளும் அவளே. இறந்தவனைத் திருப்பித் தராத தெய்வம் என்று வெளியில் எவரும் இருந்ததில்லை.

அதற்குப் பிறகு அவள் குணமாகிவிட்டாள் என்று காட்டியிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். குரல்கள் போகவில்லை, அவள் நடக்கத் தொடங்க, அவையும் கூடவே நடக்கின்றன. 2024 மே 21ஆம் திகதி வந்த இரண்டாம் பாகம் அவளை ஐஸ்லாந்துக்குக் கொண்டுபோகிறது. காட்சி பிரமாதம், பாறையும் பாசியும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தெரிகின்றன. கூட நடக்க உயிருள்ள மனிதர்களும் வந்துவிட்டார்கள். பாதாளம் அவ்வளவு ஆழமாக இல்லை. ஆனால் ஹெட்போனை மாட்டியதும் அதே பெண்கள் அதே இடத்தில் நின்று, இவர்களை நம்பாதே என்கிறார்கள்.